ஊசிக்கு வழி சொன்னவள்

ஒரு கிண்ணம் ஜெல்லிக்குள் நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பட்டாணி கிடக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் எடுத்துக் கையிலும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே குத்தில் ஊசி முனையால் அதைத் தொட உங்களால் முடியுமா?

முடியும் என்று தோன்றினால் நீங்கள் ஒரு மருத்துவமனைக் குழுவில் உட்காரத் தகுந்தவர். அப்படித் தோன்றிய ஐந்து ஆண்கள் ஒரு நாள் பிற்பகலில் ஆளுக்கொரு ஊசியோடு நின்றார்கள். ஆனால் இது அவர்களுடைய கதை அல்ல. அவர்கள் முன்னால் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவளுடைய கதை.

அவளைத் திருப்புளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில், ஜெனரேட்டருக்கும் சலவை அறைக்கும் நடுவில், பழுது பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலிருந்து ஆக்சிஜன் மீட்டர் வரை, மேலே எது மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். விருந்துக்குப் போனாலும் கைப்பையில் ஒரு திருப்புளி இருக்கும். நாற்காலி ஆடினால் அதை முறுக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோது, "பொம்பளைக்கு மெஷின் வேலை எதுக்கும்மா? டெலிபோன்ல உக்காருங்களேன்" என்று ஓர் அதிகாரி கேட்டார். அவள் அவருடைய நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்றிருப்பதாகப் பணிவோடு சொன்னாள். அவர் நம்பவில்லை. எழுந்திருக்கும்போது நம்பினார்.

கணவர் பெண்களுக்கான துணி தைக்கும் டெய்லர். வீட்டின் முன் அறையே கடை. கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வந்தால் அவர் அளவு நாடாவோடு வருவார். அவள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கும் வெர்னியரோடு வருவாள். வழக்கமாக வெர்னியர்தான் ஜெயிக்கும். கூடவே டெய்லரின் தங்கையும் இருந்தாள். பேருந்து நடத்துநர். ஊதியே வளர்ந்த தொண்டை. வீட்டில் அவளுக்குப் பெயர் விசில்.

விசிலின் இடது மார்பில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு கட்டி இருப்பதாக மேமோகிராம் படத்தில் தெரிந்தது. விரலுக்கு அகப்படாது, படத்தில் மட்டும் தெரியும். அது நல்ல செய்தி என்றார் படம் பார்க்கும் டாக்டரம்மா. இவ்வளவு சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைத்தோம். விரலுக்குத் தெரிகிறவரை காத்திருந்தால் கதை வேறு.

ஆனால் விரலுக்குத் தெரியாததை அறுவை செய்பவர் எங்கே என்று தேடுவார்? அதற்காகத்தான், அறுவைக்கு முன்னால், படம் எடுக்கும் அறையில் ஓர் ஊசியை இறக்கி, அதன் வழியாக முனையில் கொக்கி வைத்த மெல்லிய கம்பியைக் கட்டியின் பக்கத்தில் நிறுத்துவார்கள். அறுவை செய்பவர் கம்பியைத் தொடர்ந்து போய்க் கட்டியை எடுப்பார். கேட்க எவ்வளவு சுலபம்!

நடப்பது இது. இயந்திரம் மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவில் அமுக்கிப் பிடிக்கும். மேல் தகட்டில் ஒரு சன்னல். சன்னலின் ஓர் ஓரத்தில் எழுத்துகள், மற்ற ஓரத்தில் எண்கள். படத்தைப் பார்த்து, "டி வரிசை, ஐந்தாம் எண்" என்று இடத்தைக் குறித்துக்கொண்டு, டாக்டர் ஊசியைச் செங்குத்தாக இறக்க வேண்டும். குனிந்தபடி, இயந்திரத்தில் தலை இடிக்காமல், வெறும் கையால். ஊசி பத்து டிகிரி சாய்ந்தாலே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். கட்டியோ ஆறு மில்லிமீட்டர்.

விசிலுக்கு மூன்று குத்து. மூன்றும் தள்ளிப் போயின. மூன்றாவதில் அவள் மயங்கிச் சரிந்தாள். அன்றைய அறுவை ரத்தானது. தெளிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, பையைத் தையல் மேசைமேல் போட்டாள்.

"நான் இனிமே அந்தப் பக்கமே வர மாட்டேன் அண்ணி. ஒரு டிக்கெட்ட நான் மூணு தடவ பஞ்ச் பண்ணா பயணி சும்மா விடுவானா?"

"டாக்டரம்மா வேணும்னா செஞ்சாங்க?" என்றார் டெய்லர்.

"அவங்க பாவம்ணா. என்னைவிட அவங்களுக்குத்தான் வேர்த்து ஊத்துச்சு. யாரைச் சொல்லி என்ன? எல்லாம் என் தலையெழுத்து."

திருப்புளிக்கு ஆகாத சொல் அது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன் தலையில ஒண்ணும் எழுதலம்மா. ஆஸ்பத்திரி ஃபாரத்துலகூட எழுதல. நான் அதைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

உண்மைதான். படிவத்தில் "ஊசி வைத்தல்: நிறைவுறவில்லை" என்று ஒரே வரி. எத்தனை குத்து, எவ்வளவு விலகியது, ஒன்றும் இல்லை. அதற்கென்று ஒரு கட்டமே இல்லை. திருப்புளி பழைய படிவங்களையும் புரட்டிப் பார்த்திருந்தாள். பல ஆண்டுகளாக அந்த அறையில் எத்தனை பெண்கள் இரண்டாவது குத்தும் மூன்றாவது குத்தும் வாங்கினார்கள் என்று யாருக்குமே தெரியாது. எழுதாத வலி நடக்காத வலி ஆகிவிடுகிறது. மிச்சத்தைத் தலையெழுத்து பார்த்துக்கொள்ளும். மோசமான கருவியைச் செய்தவனும் தப்பித்தான், வாங்கியவனும் தப்பித்தான், பழி ஒரு நடத்துநரின் மண்டை ஓட்டுக்கு. இப்படி ஒரு வசதியான சொல்லைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக ஏதோ ஒரு நிர்வாகத்தில்தான் இருந்திருப்பார்.

"அப்ப காரணந்தான் என்ன?" என்றாள் விசில்.

"சாய்வு. ஊசியை நேராப் பிடிக்க அங்க ஒண்ணுமே இல்ல."

"சரி, நேராப் பிடிக்க ஒண்ணு செய்ங்க. ஒரே குத்துன்னு எழுதிக் குடுங்க. வரேன்."

"ஒரே குத்துன்னு எழுதித் தர மாட்டேன், அது பொய். நாப்பது தடவ குத்திப் பாத்து, எத்தன சரியாச்சு, எத்தன தப்பாச்சுன்னு எழுதித் தரேன். படிச்சிட்டு நீயே முடிவு பண்ணு."

அடுத்த அறுவைத் தேதி ஏழு வாரம் கழித்து. அதற்குள் கருவி வர வேண்டும், புதுக் கருவிகளுக்கு ஒப்புதல் தரும் மருத்துவமனைக் குழு அனுமதிக்க வேண்டும், விசில் மனம் மாற வேண்டும். மூன்றில் எது கடினம் என்று திருப்புளிக்கு அப்போது தெரியாது.

மறுநாள் படம் எடுக்கும் அறைக்குப் போய், நோயாளி உட்காரும் முக்காலியில் அவளே உட்கார்ந்தாள். எக்ஸ்ரே கதிரைப் போடாமல் தகட்டை மட்டும் இறக்கச் சொன்னாள். அமுங்கிய நிலையிலேயே வெர்னியரால் சன்னலை அளந்தாள். "வலிக்கலையா?" என்று கேட்ட டாக்டரம்மாவிடம், "வலிக்குது. அதான் சீக்கிரம் அளக்கறேன்" என்றாள்.

அவள் யோசித்தது சிக்கலானது அல்ல. சன்னலின் நீளத்துக்கு ஒரு சிறு தண்டவாளம், குறுக்கே இன்னொன்று. இரண்டும் கூடும் இடத்தில் நகர்கிற ஒரு கட்டை. கட்டையின் நடுவில் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குழாய். குழாயை "டி ஐந்து" மேல் கொண்டுபோய் நிறுத்தித் திருகைப் பூட்டினால், ஊசி குழாய்க்குள் நேராக இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சோதிக்க மார்பு வேண்டுமே? பால் கலந்த ஜெல்லியைக் கிண்ணத்தில் ஊற்றி, பட்டாணிக்குள் கணவரின் குண்டூசித் தலை ஒன்றைக் கத்தரித்துச் செருகி, படத்தில் தெரிகிற மாதிரி செய்து உள்ளே புதைத்தாள். வீட்டுக் குளிர்பெட்டியில் ஆறு கிண்ணம். ஒரு நாள் மாலை ஐந்துதான் இருந்தது.

"ஜெல்லி நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் டெய்லர், வாய்க்குள் எதையோ தேடிக்கொண்டு. "ஆனா பட்டாணிக்குள்ள என் குண்டூசி எப்படிம்மா வந்துச்சு?"

"அய்யய்யோ, கட்டியையே தின்னுட்டீங்களா?"

"ஒரே கடியில கண்டுபிடிச்சேன்," என்று துப்பினார் அவர். "உங்க டாக்டரம்மாகிட்ட சொல்லு, ஊசியே வேணாம்."

முதல் கருவியை அக்ரிலிக்கில் அறுத்து, ராவி, மெருகேற்றி, டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனாள். மதிய உணவு இடைவேளை. ஜெல்லியைத் தகட்டுக்கு அடியில் வைத்து, குழாயைப் பூட்டி, ஊசியை இறக்கினார்கள். படம் எடுத்தார்கள். முனை பட்டாணியில்! டாக்டரம்மா திருப்புளியைக் கட்டிப்பிடித்தே விட்டார். அடுத்து, பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்கத் தகட்டை உயர்த்த வேண்டும். உயர்த்தினார்கள். தகட்டோடு கருவி போனது. கருவியோடு ஊசியும் போனது. பட்டாணி மட்டும் ஜெல்லிக்குள் தனியாக இருந்தது.

ஊசியின் மேல்முனை தடிப்பு; குழாய் சன்னம். கருவியை ஊசியிலிருந்து உருவவே முடியாது. கழற்ற வழியில்லாமல் பொருள் செய்கிற பொறியாளர்களை இருபத்திரண்டு வருடமாக வாயில் வந்தபடி திட்டியவள் அவள்தான். அதே திட்டு எல்லாவற்றையும் தனக்குத்தானே ஒரு தடவை திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தையல் மிஷின் எதிரில் உம்மென்று உட்கார்ந்தாள். டெய்லர் ஒரு ரவிக்கைக் கையை மூட்டித் தைத்து முடித்தார். துணியை அமுக்கியிருந்த மிஷினின் இரும்புப் பாதத்தைத் தூக்கி, துணியை ஒரு பக்கமாக இழுத்தார். நூல் ஊசியில் இருந்தபடியே பாதத்தைவிட்டு வெளியே வந்தது.

"நிறுத்துங்க!"

"எதை?"

"இப்ப பண்ணதை மறுபடி பண்ணுங்க."

"துணியை எடுத்தேன். இருபது வருஷமா எடுக்கறேன், இன்னிக்குத்தான் கண்ணுல படுதா?"

பாதத்தின் முன்பக்கம் ஒரு பிளவு. நூல் அந்தப் பிளவின் வழியாகத்தான் பக்கவாட்டில் நழுவுகிறது. பாதம் மூடிய வளையமாக இருந்தால் ஒவ்வொரு தையலுக்கும் நூலை அறுத்துக் கோக்க வேண்டியிருக்கும். திருப்புளி மிஷினிலிருந்து பாதத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள் டெய்லருக்கு வேலை நின்றது.

குழாய் இரண்டு பாதியானது. நடுவில் ஒரு சின்னத் தாழ்ப்பாள். ஊசி இறங்கியதும் தாழ்ப்பாளைத் திருப்பினால் ஒரு பாதி கதவு மாதிரி திறக்கும். கட்டை பின்னால் நகரும். ஊசி நின்ற இடத்தில் நிற்கும். மாதிரிக் கருவி ஒன்று, நீராவியில் கிருமி நீக்கப் போட்டபோது, வெயிலில் விட்ட மெழுகுவத்தி போல வளைந்தது. சூடு தாங்கும் பிளாஸ்டிக்குக்கு மாறினாள். எட்டாவது மாதிரி தாக்குப்பிடித்தது. டெய்லர் வாடிக்கையாளர்களிடம், "அதுல பாதி என் கண்டுபிடிப்பு" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

"உங்க பாதி அந்தப் பிளவு," என்றாள் அவள். "அங்க ஒண்ணுமே கிடையாது."

டாக்டரம்மா நாற்பது ஜெல்லியில் வெறும் கையால் குத்தினார்: முதல் குத்தில் சரியானவை பதினெட்டு. கருவியோடு நாற்பது: முப்பத்தேழு. தவறிய மூன்றையும் திருப்புளி காரணத்தோடு எழுதினாள். இரண்டில் எண்ணைத் தப்பாகப் படித்தார்கள். ஒன்றில் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது.

தாளோடு குழுவிடம் போனாள். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற அறுவை நிபுணர். நடுங்காத கை என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரை அதிகம் சொன்னவரும் அவரே.

"இதெல்லாம் கை வராதவங்களுக்கும்மா," என்று கையை நீட்டிக் காட்டினார். "பாருங்க, ஆடுதா?"

"ஆடல சார். ஆனா ஊசி சாயுதே."

"ஒரு குத்து கூடக் குறைய ஆனாத்தான் என்ன? பொம்பளைங்க பிரசவத்தையே தாங்கறாங்க."

இந்த வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூடப் பெற்றதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தி ஒரு வலியைத் தாங்கினாள் என்பது, மற்ற வலிகளையெல்லாம் அவள் தலையில் கட்ட வாங்கிய அனுமதிச் சீட்டா? கோப்பில் "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதி மூடினார்கள். தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

திருப்புளி எந்தக் கருவி பழுதானாலும் முதலில் அதன் கையேட்டைத் தேடுவாள். குழு பழுதாகியிருந்தது. ஆகவே குழுவின் விதிப்புத்தகத்தை வாங்கி வந்து படித்தாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது: உறுப்பினர் ஆறு பேர், ஆறாமவர் நோயாளிகளின் பிரதிநிதி, அங்கே சிகிச்சை பெறும் யாரும் விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டுகளாக அந்த நாற்காலி காலி. "தகுதியானவர் கிடைக்கவில்லை."

"குத்து வாங்கவே வர மாட்டேங்கறேன், கூட்டத்துக்கு வருவேனா?" என்றாள் விசில்.

"குத்து வாங்க இல்ல. அவங்க குத்தறதை எண்ணறதுக்கு."

"எண்ணணுமா? அது என் வேலைதானே."

விதிப்படி விண்ணப்பம் போனது. மறுக்க விதி இல்லை. அடுத்த கூட்டத்தைத் திருப்புளியின் வேண்டுகோள்படி படம் எடுக்கும் அறையிலேயே வைக்க ஏற்பாடு செய்தார் டாக்டரம்மா. விசில் சீருடையிலேயே வந்தாள்.

தலைவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். "உறவுமுறைங்கற இடத்துல 'கருவி செய்தவரின் நாத்தனார்'னு போட்டிருக்கே. இது சரியா?"

"மறைக்கலையே சார். உங்களுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறவர் உங்க சம்பந்தின்னு வெளிய பேசிக்கறாங்க. அது எந்தத் தாள்ல போட்டிருக்கு?"

சம்பந்தி திடீரென்று இயந்திரத்தின் அடிப்பாகத்தை ஆராயத் தொடங்கினார். நாற்காலி யாருக்கு என்ற கேள்வி அதோடு முடிந்தது.

திருப்புளி ஆளுக்கொரு கிண்ணம் வைத்தாள். படமும் கொடுத்தாள். முதலில் வெறும் கை. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒவ்வொரு குத்துக்கும் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெரிசல் பேருந்தில் சில்லறை கேட்கிற குரலில் விசில் எண்ணினாள். "ஒண்ணு! உள்ள வரல. ரெண்டு! தள்ளிப் போச்சு. மூணு! அடுத்த ஆள் வாங்க!" நான்கு பேரில் ஒருவர் மட்டும் மூன்றாவதில் தொட்டார். அவரும் ஆச்சரியப்பட்டார்.

கடைசியாகத் தலைவர். கை ஆடவில்லை. முதல் குத்து ஏழு மில்லிமீட்டர் விலகியது.

"வெளிச்சம் போதாது," என்றார்.

விளக்கைத் திருப்பினார்கள். இரண்டாவது குத்தும் விலகியது. மூன்றாவதும் விலகியது.

"பட்டாணி நகருதும்மா!"

"நானும் நகர்ந்தேன்னுதான் சார் சொன்னாங்க," என்றாள் விசில்.

திருப்புளி கருவியைப் பொருத்தி, குழாயை நகர்த்திப் பூட்டி, புது ஊசியை நீட்டினாள். தலைவர் இறக்கினார். படம் வந்தது. முனை பட்டாணியின் நடுவில்.

"பார்த்தீங்களா," என்றார் தலைவர், முகம் மலர்ந்து. "கைன்னா இது."

"கைதான் சார்," என்றாள் திருப்புளி, கொஞ்சமும் சிரிக்காமல்.

"அது சரி," என்றாள் விசில். "இவர் முன்னாடி போட்ட மூணு குத்தை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கட்டம் இல்லை. அன்று இரண்டு முடிவுகள் ஆயின: ஒப்புதல் தருகிற இருபது பெண்களிடம் கருவியைச் சோதிக்கலாம், படிவத்தில் "எத்தனையாவது குத்தில்?" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். தலைவரே முன்மொழிந்தார் என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் திருப்புளி தாளை விசிலிடம் கொடுத்தாள். "நாப்பதுல மூணு தப்பும். அது ஜெல்லி, நீ மனுஷி. படிச்சிட்டுச் சொல்லு."

விசில் படித்தாள். தவறிய மூன்றுக்கான காரணங்களை இரண்டு தடவை படித்தாள். "தாழ்ப்பாளைச் சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"எண்ணை ரெண்டு பேரு படிச்சுச் சொல்லணும். ஒருத்தர் படிக்கக் கூடாது."

அதைத் திருப்புளியே யோசித்திருக்கவில்லை. உடனே எழுதிக்கொண்டாள்.

"சரி," என்றாள் விசில். "அந்த முப்பத்தேழுல நானும் ஏறிக்கறேன்."

குறித்த நாளில் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். தகடு இறங்கியது. டாக்டரம்மாவும் தொழில்நுட்பப் பணியாளரும் தனித்தனியே எண்ணைப் படித்தார்கள்: டி, ஐந்து. குழாய் பூட்டப்பட்டது. ஊசி இறங்கியது. விசில் பல்லைக் கடித்தாள். வலி வலிதான், எந்தத் தண்டவாளமும் அதை எடுத்துவிடவில்லை. படம் வந்தது. முனை கட்டியிலிருந்து இரண்டு மில்லிமீட்டரில். தாழ்ப்பாள் திரும்பியது, பாதிக் குழாய் திறந்தது, தகடு உயர்ந்தது. ஊசி நின்ற இடத்திலேயே நின்றது.

"எத்தன?" என்றாள் விசில், கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணு."

"எழுதிட்டீங்களா?"

டாக்டரம்மா கட்டத்தில் ஒன்று என்று எழுதிக் காட்டினார். அதன் பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

கம்பி உள்ளே போனது, அறுவை நடந்தது, எடுத்த சதையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி முழுசாக உள்ளே இருந்தது. புற்றுநோய்தான். ஆனால் பரவாத அளவிலேயே பிடிபட்டது. ஐந்து வாரம் கதிர்ச் சிகிச்சை எடுத்துவிட்டு விசில் பேருந்துக்குத் திரும்பினாள். இருபது பெண்களில் பதினெட்டுப் பேருக்கு முதல் குத்து, இருவருக்கு இரண்டாவது. அந்த இரண்டும் படிவத்தில் இருக்கின்றன, எவ்வளவு விலகின என்பதோடு. திருப்புளி இப்போது அந்த இரண்டைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறாள். விசில் ஆறாவது நாற்காலியை விடவில்லை. குழுவில் ஐந்து பேருக்கும் இப்போது எண்ணிப் பேசும் பழக்கம் வந்திருக்கிறது.

உங்கள் மருத்துவமனையிலும் ஒரு குழு இருக்கும். நாளை காலையே போய் அதன் விதிப்புத்தகத்தைக் கேளுங்கள். நோயாளிக்கென்று ஒரு நாற்காலி உண்டா, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். காலியாக இருந்தால் விண்ணப்பியுங்கள். தகுதியானவர் கிடைக்கவில்லை என்பார்கள். தேவையில்லாமல் ஒரு தடவையாவது குத்துப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா? தகுதி அது போதும். போய் உட்காருங்கள், எண்ணத் தொடங்குங்கள்.